சேவலோடு போன நேர்முகப் பரீட்சை

கரம்பொன்னில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தேவன் அண்ணையிடம் ஒரு ரை இருந்தது. கழுத்தில் கட்டுகிற ரைதான். கத்தரிப்பூ நிறம், குறுக்கே வெள்ளிக் கோடுகள். தன்னுடைய கலியாணத்துக்கு வாங்கியது. கலியாணம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ரை மட்டும் அதன்பிறகு ஊரில் படித்துவிட்டு வேலை தேடுகிற எல்லோருடைய கழுத்திலும் ஏறி, வங்கி, அரசாங்கக் கச்சேரி, தொண்டு நிறுவனம் என்று சுற்றி வந்துகொண்டிருந்தது. முடிச்சுப் போடத் தேவன் அண்ணைக்கு மட்டுமே தெரியும் என்பதால் யாரும் அதை அவிழ்ப்பதில்லை. தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி, சுருக்குக் கயிறு மாதிரி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ரையைக் கட்டிப்போன ஒருவருக்கும் அதுவரை வேலை கிடைத்ததில்லை. ஆனாலும், ரை இல்லாமல் போய் வேலை கிடைக்காவிட்டால் "ரை கட்டாமப் போனவன், பிறகெப்பிடி?" என்று சனம் கேட்கும். அந்தப் பழியை ஏற்க எங்களில் யாருக்கும் துணிவில்லை.

"இந்தமுறை நெடுந்தீவோ?" என்று கேட்டபடி தேவன் அண்ணை அதை என் கையில் தந்தார். "ரை கடல் தாண்டுறது இதுதான் முதல்தரம். கவனமாக் கொண்டுவாரும்."

கடல் தாண்டுகிறது என்பதால் நானும் இதை ஒரு வெளிநாட்டுப் பயணமாகவே எடுத்துக்கொண்டேன்.

அது போர் நின்று, கொழும்புப் பாதை திறந்திருந்த சமாதானக் காலம். வெள்ளை நிற வாகனங்களில் நிறுவனங்கள் வந்து இறங்கின. நிறுவனங்கள் வந்தால் நேர்முகப் பரீட்சைகள் வரும், நேர்முகப் பரீட்சை வந்தால் நான் போவேன். போய்ப் போய் எனக்குக் கேள்விகள் எல்லாம் மனப்பாடம். கதிரையில் நுனியில் இருந்தால் பயந்தவன், சாய்ந்து இருந்தால் திமிர் பிடித்தவன். ஒருமுறை நடுவாக இருக்கப் பார்த்து, கதிரை ஆடி, மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டேன். இன்னொருமுறை யாழ்ப்பாணத்தில் ஒருவர், "இன்னும் அஞ்சு வருசத்தில நீர் எங்க இருப்பீர்?" என்று கேட்டார். போன ஐந்து வருடத்தில் எங்கெங்கே இருந்தேன் என்று சொல்லவே எனக்கு விரல்கள் போதாது. இடம்பெயர்ந்து, திரும்பி, மறுபடி இடம்பெயர்ந்து வந்தவன் நான். "அது எங்களைக் கேட்டோ சேர் நடக்குது?" என்றேன். அவர் சிரித்தார். சிரிக்க வைத்தால் வேலை கிடைக்கும் என்று அன்றைக்கு நம்பியிருந்தேன். "அறிவிப்பம்" என்றார். அந்த அறிவிப்பு இன்னும் வழியில் இருக்கிறது.

ஆனால் நெடுந்தீவு வேலை மற்ற வேலைகளைப் போன்றதல்ல. என் மனைவி வசந்தி அங்கே கணிதம் படிப்பிக்கிறாள். அரசாங்கம் அவளை நெடுந்தீவுக்கு அனுப்பியது. நான் அவளைக் கலியாணம் கட்டியது அதன்பிறகு. ஆகவே குற்றம் அரசாங்கத்தில் இல்லை. சனிக்கிழமைகளில் படகு ஓடினால் அவள் கரம்பொன்னுக்கு வருவாள். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பெயர்ந்துவிட்டால் வரமாட்டாள். "மனிசி வரேல்லையோ?" என்று ஊரார் கேட்டால் "காத்து விடேல்லை" என்பேன். கலியாணம் கட்டிய பிறகும் காதலர்கள் மாதிரியே வாழ்ந்தோம் என்று பெருமையாகச் சொல்லலாம். எப்போதாவதுதான் சந்தித்தோம் என்பது அதன் பொருள்.

நீயே அங்கே போய் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். வேலையில்லாத ஆம்பிளை, மனைவி சம்பளம் எடுக்கிற ஊரில் போய்க் குந்தியிருந்தால் அவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் வைப்பார்கள். அதை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெயருக்குப் பயந்து கரம்பொன்னில் நாலு பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொண்டு இருந்தேன். நெடுந்தீவில் மழைநீர்த் தொட்டி கட்ட வந்த ஒரு நிறுவனத்துக்கு, தீவிலேயே தங்கி வேலை செய்ய ஒரு கள உத்தியோகத்தர் தேவை என்று கேள்விப்பட்டபோது கடவுளே விளம்பரம் போட்டதாக நினைத்தேன்.

முதல் நாள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு வழக்கம் உண்டு. தீவுக்குப் போகிறவர் வெறுங்கையோடு நின்றால் அது அங்குள்ள சனத்துக்குப் பொறுக்காது. யார், எவர் என்றெல்லாம் விசாரிப்பதில்லை. "நெடுந்தீவுக்கோ? இதை ஒருக்காக் கொண்டுபோய்க் குடுத்துவிடும், துறையில வந்து வாங்குவினம்" என்று கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுக்கிற வழக்கம் இல்லை. நாளைக்கு நாமும் யாருடைய கையிலாவது எதையாவது வைக்கத்தானே வேண்டும்?

வசந்தி ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். "இன்ரவியூவுக்கு வாறியள். தயவுசெய்து வெறுங்கையோட வாங்கோ." முழுக்கைச் சட்டையும் ரையும் போட்டிருந்தால் யாரும் கிட்ட வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மாறாக, ரை கட்டியவன் நம்பிக்கையான ஆள் என்று எல்லோரும் என்னிடமே வந்தார்கள். படகு வருவதற்குள் ஒரு சைக்கிள் ரயர், பேக்கரிப் பாண் நிறைந்த பை, ஒரு மருந்துப் போத்தல் எல்லாம் சேர்ந்துவிட்டன. கடைசியாகப் புங்குடுதீவுப் பெண் ஒருத்தி கால் கட்டிய சேவல் ஒன்றோடு வந்தாள்.

"தம்பி, இது என்ரை அத்தாருக்கு. மரியதாஸ் எண்டா நெடுந்தீவில ஆருக்கும் தெரியும். அக்கா வளக்கிற பெட்டையளுக்குச் சேவல் இல்லையாம், பாவம்."

பெட்டைக் கோழிகளின் தனிமை எனக்கு விளங்கும். வாங்கிக்கொண்டேன்.

சற்றுத் தள்ளி இன்னொரு ரை நின்றது. அவர் பெயர் சுதாகர், யாழ்ப்பாண நகரத்துக்காரர், அதே நேர்முகத்துக்குத்தான் வந்திருந்தார். அவரிடமும் ஒருவர் ஒரு பொட்டலத்தை நீட்ட, "ஏலாது ஐயா, நான் உத்தியோக விசயமாப் போறன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பொட்டலமும் என்னிடமே வந்தது.

நேவிச் சோதனையில் இளம் சிப்பாய் ஒருவன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், பிறகு சேவலைப் பார்த்தான். சிங்களத்தில் தன் நண்பனிடம் சொன்னான், "ஒரு ஆளுக்குத்தான் அட்டை இருக்கிறது. மற்றவரை என்ன செய்வது?" இருவரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் சிரிப்புக் கேட்பதே அப்போது புதிது. நானும் சிரித்தேன். சேவல் மட்டும் முறைத்தது.

படகில் எங்களோடு, எங்களை நேர்முகம் காணக் கொழும்பிலிருந்து வந்த அதிகாரியும் நிறுவனத்தின் தலைவியான வெள்ளைக்காரப் பெண்மணியும் ஏறினார்கள். நடுக்கடலில் அலை தூக்கியடித்தது. பாலத்தால் இணைந்ததென்றாலும் கரம்பொன்னும் தீவுதான்; அங்கே பிறந்த எனக்கே தலை சுற்றியது. பாண் பைக்குள் முகத்தை வைத்து வாசம் பிடித்துச் சமாளித்தேன். அதிகாரியால் ஏலவில்லை. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலைச் சாப்பாட்டையும் முந்தின இரவுச் சாப்பாட்டையும் கடலுக்குக் கொடுத்தார். வெள்ளைக்காரி அவருடைய முதுகைத் தடவிவிட்டபடி ஆங்கிலத்தில், "நிலத்தையே பார், நிலத்தையே பார்" என்றா. பார்ப்பதற்கு அங்கே நிலம் இல்லை.

நெடுந்தீவுத் துறையில் ரயருக்கும் பாணுக்கும் மருந்துக்கும் பொட்டலத்துக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள். சேவலுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அதிகாரியைத் தூக்காத குறையாக லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினார்கள். நேர்முகம் நாளைக்கு என்று அறிவித்தார்கள். நேர்முகம் நடத்துகிறவரே தள்ளாடியது என் அனுபவத்தில் அதுதான் முதல்தடவை. மனதுக்கு ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது.

வசந்தி தங்கியிருப்பது றெஜினா அக்கா வீட்டில். கற்களை அடுக்கிய வேலி, உள்ளே ஒரு முருங்கை, கிணற்றில் உப்புத் தண்ணி. அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். அன்றைக்கு நண்டுக் குழம்பும் புட்டும். நெடுந்தீவு நண்டைச் சாப்பிட்டவன் யாழ்ப்பாணத்துக் கடைகளில் நண்டு என்று விற்கிறதை வேறு பெயரால் அழைக்கத் தொடங்குவான். நான் மூன்றாவது காலை உடைத்துக்கொண்டிருந்தபோது வசந்தி மெல்லச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ. றெஜினா அக்காவும் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறா."

நண்டின் கால் என் கையில் நின்றுவிட்டது.

"அவவுக்கு இன்ரவியூ எண்டா என்னெண்டே தெரியாது. நீங்கள் எத்தினைக்குப் போனனீங்கள், ஒருக்காச் சொல்லிக் குடுங்கோவன்."

இருப்பது ஒரு வேலை, ஒரே குசினியில் சாப்பிடுகிற இரண்டு பேர். யோசித்தேன். அக்கா அட்வான்ஸ் லெவல் படித்தவ, ஆனால் வாழ்நாளில் ஒரு நேர்முகம் கண்டதில்லை. எனக்கோ அதில் கரை கண்ட அனுபவம். ஆகவே பெருந்தன்மையாக இருக்க எனக்கு வசதி இருந்தது. கையைக் கழுவிவிட்டு வாத்தியார் ஆனேன். வசந்தி தேர்வுக் குழு.

"உங்கட பலவீனம் என்ன?" என்று வசந்தி கேட்டாள்.

"கோவம்," என்றா றெஜினா அக்கா உடனே.

"ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லக்கூடாது," என்றேன். "அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிறதுதான் என்ரை பலவீனம், வீட்டு நினைப்பே வாறேல்லை எண்டு சொல்லவேணும்."

"அது பொய்யெல்லோ தம்பி?"

"ஓம். ஆனா எல்லாரும் சொல்லுற பொய். அவையளுக்கும் தெரியும்."

"தெரிஞ்ச பொய்யைச் சொல்லவோ இவ்வளவு தூரம் கடலால வந்தனீர்?" அக்கா சுவரிலிருந்த மாதா படத்தை ஓரக்கண்ணால் பார்த்தா. "அவவும் கேட்டுக்கொண்டிருக்கிறா."

ஏன் இந்த வேலை என்றால் சேவை மனப்பான்மை. ஐந்து வருடத்தில் எங்கே என்றால், இந்தத் திட்டத்தை மற்றத் தீவுகளுக்கும் கொண்டுபோயிருப்பேன். என்னிடமிருந்த சரக்கு முழுவதையும் இறக்கி வைத்தேன். அக்கா தலையாட்டிக்கொண்டே கணவரின் வலையில் விட்டுப்போன கண்களை முடிந்தா.

"அது சரி அக்கா, மரியதாஸ் அண்ணையை எங்க பிடிக்கலாம்? இந்தச் சேவல் அவரின்ரை."

"எங்கட கடற்றொழில் சங்கத் தலைவர். நாளைக்கு இன்ரவியூ எடுக்கிற மூண்டு பேரில அவரும் ஒராள். அங்கதான் குந்தியிருப்பார், அதிலயே குடுத்துவிடும்."

சொன்னவவுக்கும் அதில் பிழை தெரியவில்லை. கேட்ட எனக்கும் தெரியவில்லை. கணக்கு ரீச்சருக்கும் தெரியவில்லை. கொண்டுவந்த பொருளை உரியவரைக் கண்ட இடத்தில் கொடுக்கவேண்டும், அவ்வளவுதானே?

இரண்டாம் நாள்

காலையில் சோளகம் ஊளையிட்டது. படகு இல்லை. வந்தவர்கள் எல்லோரும் தீவில் மாட்டிக்கொண்டோம்.

நேர்முகம் பாடசாலை மண்டபத்தில். அரைச்சுவர் என்பதால் உள்ளே கதைக்கிறது வெளியே வாங்குப் பலகையில் இருக்கிற எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. முதலில் சுதாகர் போனார். மாதத்தில் எத்தனை நாள் யாழ்ப்பாணம் போகலாம், படகில் போகிற நேரம் வேலை நேரமா என்று அவரே அவர்களை நேர்முகம் கண்டுவிட்டு வந்தார்.

அடுத்தது நான். ரையை இறுக்கினேன். சேவலைத் தூக்கினேன். உள்ளே போய், கும்பிட்டு, நேராக மரியதாஸ் அண்ணையிடம் நடந்து, அவருடைய மடியில் வைத்தேன்.

"அண்ணை, இது உங்களுக்கு."

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளாலும் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "அட, நல்ல சேவல்!"

பக்கத்துக் கதிரைகள் இரண்டும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. அதிகாரி பேனையை மூடி வைத்தார். வெள்ளைக்காரி ஆங்கிலத்தில், "என்ன நடக்கிறது இங்கே?" என்றா.

"இது நான் குடுக்கிறதில்லை," என்றேன். "இவரின்ரை மனிசியின்ரை தங்கச்சி தந்துவிட்டவ."

அதிகாரி மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரி என்னையும் மரியதாஸ் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டா, "அப்படியென்றால் இவர்கள் உறவினரா?"

"ஐயோ இல்லை! அவவை எனக்கு ஆரெண்டே தெரியாது."

"தெரியாத பெண் இவருக்கு ஏன் சேவல் கொடுத்தாள்?"

"பெட்டையளுக்கு," என்றார் மரியதாஸ் அண்ணை உதவிக்கு வந்து. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வார்கள்; அதிகாரி அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமல் விட்டதற்கு நான் இன்றைக்கும் அவருக்கு நன்றியுடையவன். ஒவ்வொரு விளக்கமும் என்னை இன்னும் ஒரு முழம் ஆழத்துக்குக் கொண்டுபோனது.

இப்படிக் குலைந்து நிற்கும்போதுதான் அதிகாரி கேட்டார், "சரி. ஏன் இந்த வேலை உமக்கு வேணும்?"

சேவை மனப்பான்மை என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் இன்னொரு பொய்யைத் தாங்க இடமில்லை.

"என்ரை மனிசி இஞ்ச படிப்பிக்கிறா சேர். அவவோட இருக்கவேணும்."

எத்தனையோ நேர்முகங்களில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். சொன்னதும் உடம்பு லேசானது. வெள்ளைக்காரி கூடப் புன்னகைத்தா. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அவவுக்கு மாற்றம் வந்தால்?" என்றார் அதிகாரி.

உண்மை ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம். "நானும் போயிடுவன் சேர்."

மரியதாஸ் அண்ணையின் மடியிலிருந்து சேவல் கூவியது.

பிறகு றெஜினா அக்கா உள்ளே போனா. நான் வாங்கில் இருந்து கேட்டேன். பலவீனம்? "அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிறது சேர். வீட்டு நினைப்பே வாறேல்லை." ஏன் இந்த வேலை? "சேவை மனப்பான்மை." ஐந்து வருடத்தில்? திட்டத்தை நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் கொண்டுபோனா. எழுவைதீவு நான் சொல்லிக் கொடுக்காதது. குரலில் ஒரு நடுக்கமில்லை. என் விடைகள் இன்னொருவர் வாயில் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று வியந்தேன்.

வழக்கமாக நேர்முகம் முடிந்ததும் தேர்வுக் குழு வாகனத்தில் ஏறி மறைந்துவிடும். இங்கே அவர்கள் ஓட வழியில்லை. பின்னேரம் நல்ல தண்ணீர்க் கிணற்றடியில், சாரத்தோடு, தோளில் துவாயோடு அதிகாரி வாளியுடன் போராடிக்கொண்டிருந்தார். அந்தக் கோலத்தில் ஒருவரைக் கண்டபிறகு அவருக்குப் பயப்பட ஏலாது. வாளியை வாங்கி அள்ளிக் கொடுத்தேன்.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லுறன். வேலை றெஜினாவுக்கு," என்றார்.

"கோழியாலயோ சேர்?"

"கோழியும்தான். மரியதாஸ் உமக்காகக் கதைக்க வெளிக்கிட்டவர். கோழியை மடியில வச்சுக்கொண்டு என்னெண்டு கதைக்கிறது? ஆனா கோழி இல்லாட்டிலும்..." முகத்தைத் துடைத்தார். "தொட்டி கட்ட வந்த ஆள், மனிசி போனா நானும் போவன் எண்டா, தொட்டியை ஆர் பாக்கிறது? ஒண்டு சொல்லட்டோ, என்ரை மனிசி கொழும்பில. நான் மாதத்தில பாதி நாள் ரோட்டில. அந்தக் கேள்விக்கு உம்மை மாதிரி மறுமொழி சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை."

இன்னொரு வாளி கேட்டார். அள்ளி ஊற்றினேன்.

வீட்டில் றெஜினா அக்கா செய்தி கேட்டு அழுதா, பிறகு சிரித்தா, பிறகு என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அழுதா. "மாதாவிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டன் தம்பி. உம்மட்ட என்னெண்டு கேக்கிறது?" என்றா.

"விடைகள் என்ரைதானே அக்கா. அரைவாசி நான் பாஸ்."

அவ சிரித்தா. வசந்தி சிரிக்கவில்லை. வேலி ஓரமாக, நெடுந்தீவில் காட்டில் திரிகிற குதிரைகளில் இரண்டு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றையொன்று ஒட்டி நின்றன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள்

காற்று சற்று இறங்கியது. படகு ஓடும் என்றார்கள். துறையில் நெடுந்தீவுச் சனம் காத்திருந்தது. கருவாட்டுப் பொதி, தயிர்ச் சட்டி, ஒரு பை புழுக்கொடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கு. எல்லாம் ரைக்காரன் கையில். சுதாகர் இந்தத் தடவையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பாடசாலைக்குப் போகிற சேலையோடு வசந்தியும் வந்திருந்தாள். நான் வழக்கமான வசனத்தைச் சொன்னேன்: "பாப்பம். வேற ஏதும் இன்ரவியூ வரும்."

"வந்தால்?"

"போவன்."

"கிடைக்காட்டி?"

"கரம்பொன்னில இருப்பன்."

"சும்மாதானே இருப்பியள்?" அவள் குரல் ஏறியது. கணக்கில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப விடுகிற பிள்ளையிடம் ஏறுகிற குரல். "சும்மா இருக்கிறதெண்டால் இஞ்ச இருந்து சும்மா இருங்கோவன். கரம்பொன்னில சும்மா இருந்து எதை வெட்டிக் கிழிக்கிறியள்? என்னோட இருக்கவேணுமெண்டு மூண்டு பேருக்கு முன்னால சொன்னனீங்களாம். ஊர் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் இன்னும் ஒருக்காவும் சொல்லேல்லை."

அரைச்சுவர் மண்டபத்தில் சொன்னது எங்கேயெல்லாம் போயிருக்கிறது!

"சனம் என்ன சொல்லும்?" என்றேன்.

"சனம் கரம்பொன்னிலயெல்லோ. இப்ப அடிக்கிறது சோளகம். இஞ்ச இருந்துதான் அங்க காத்துப் போகுது. அவையள் சொல்லுறது ஒண்டும் இஞ்ச கேக்காது."

படகுக்காரர் கூப்பிட்டார். நான் ஏறினேன். சுதாகருக்குப் பக்கத்தில் இருந்தேன். கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். வசந்தி போகவில்லை, கையசைக்கவும் இல்லை. சேலைத் தலைப்பைக் காற்றிடமிருந்து பறித்துப் பிடித்தபடி நின்றாள்.

கருவாட்டுப் பொதியை எடுத்துச் சுதாகரின் மடியில் வைத்தேன்.

"ஐசே, என்ன செய்யிறீர்?"

"குறிகட்டுவானில வந்து வாங்குவினம்." தயிர்ச் சட்டியை அவர் கையில் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்ட அவருக்கு இப்போது வழியில்லை. விட்டால் தயிர் அவருடைய காற்சட்டையில். "புழுக்கொடியல் பஸ்காரருக்கு. கேட்டு வாங்குவார்."

"நீர் வரேல்லையோ?"

எழுந்தேன். ரையைத் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி, தயிர்ச் சட்டி பிடித்திருந்தவரின் கழுத்தில், அவருடைய சொந்த ரைக்கு மேலே போட்டுவிட்டேன்.

"இது கரம்பொன் தேவன் அண்ணைக்கு. பஸ்ஸில ஆரிட்டயும் குடுத்தாப் போய்ச் சேரும்," என்றபடி துறைக்குத் தாவினேன். "முடிச்சை மட்டும் அவிட்டுப்போடாதையும். அடுத்த ஆளுக்கு வேணும்."